தைக்கும் கைகள் வரையக் கூடாதா?

"உங்கள் கற்பனை எங்கிருந்து பிறக்கிறது?" ஆடை வடிவமைப்பாளர் எவரையேனும் பேட்டி காணச் செல்லும் பத்திரிகையாளர் தவறாமல் கேட்கும் கேள்வி இது. நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். "இயற்கையிலிருந்து" என்பார்கள், அல்லது "எங்கள் பாரம்பரியத்திலிருந்து" என்பார்கள். மறுநாள் அது பத்திரிகையில் தலைப்பாகும். அதற்கு மறுநாள் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

பதில் பொய்யன்று, ஆனால் பாதிதான். கடலையும் வயலையும் எல்லோருமே பார்க்கிறோம். பார்த்தது துணியாவதற்கு வேறு சில வேண்டியிருக்கின்றன. அவை எவை என்பதைச் சற்று ஆராய்ந்தால், முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் செல்லும் வீதியிலுள்ள நாயாறு போன்றதோர் ஊருக்கு ஏன் இன்னும் தனக்கென்று ஒரு துணி இல்லை என்பதும் விளங்கும்.

முதலில் நம் தீவிலேயே நடந்த ஒன்றைப் பார்ப்போம். கொழும்பில் 'பெயர்ஃபுட்' என்ற கைத்தறி நிறுவனத்தை 1964இல் தொடங்கிய பார்பரா சன்சோனியின் நிறச் சேர்க்கைகளை அறியாதவர் அத்துறையில் இல்லை. 2022இல் மறைந்த அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் அவருடைய நிறங்களைத்தான் பாடினார்கள். ஆனால் அந்த நிறங்கள் தொடங்கிய இடம் ஒரு கன்னியர் மடம். தம்மிடம் நெசவு பழகிய ஏழைப் பெண்களின் துணி விலைபோக வேண்டும், அதற்கு வடிவம் சொல்லித் தாருங்கள் என்று நல்லாயன் கன்னியர் அவரைக் கேட்டார்கள். தறியும் தறியில் உட்கார்ந்த பெண்களும் விற்க வேண்டிய தேவையும் முதலில் வந்தன. கற்பனை பின்னால் வந்தது. அவரோ பழைய கட்டடங்களையும் வீடுகளையும் ஆண்டுக்கணக்கில் தேடித் தேடி வரைந்து பழகிய கண்ணுடையவர். அந்தக் கண்ணும் அந்தத் தறியும் சந்தித்த இடத்தில் பிறந்ததே அந்தத் துணி.

இன்னொரு கதை முற்றிலும் வேறு. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்து இலண்டனில் பாடகியாகப் புகழ்பெற்ற எம்.ஐ.ஏ., 2013இல் வெர்சாச்சே நிறுவனத்துக்காக ஓர் ஆடைத் தொகுதி செய்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட மூலம் மலையுமன்று, மயிலுமன்று. இலண்டன் தெருச் சந்தைகளில் விற்கும் வெர்சாச்சேயின் போலிகள்! அகதிக் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளை சந்தையில் கண்ட சட்டைகளை, அந்நிறுவனத்தின் பெயரிலேயே திருப்பிக் கொடுத்தார். வந்தவாசியைச் சேர்ந்த, துபாயில் தொழில் செய்யும் வினோ சுப்ரஜா தெருக்கூத்தின் வண்ணங்களையும் பவானி ஜமுக்காளத்தையும் இலண்டன் நாகரிக வார மேடைக்குக் கொண்டுபோனார். ஜமுக்காளம் நெய்யும் நெசவாளர் ஒருவரையும் அந்த மேடையில் ஏற்றினார்.

மூவருக்கும் பொதுவானது என்ன? தாம் வாழ்ந்த இடத்தை நெடுங்காலம் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். பார்த்ததைச் செய்துபார்க்கப் பொருளும் கைகளும் கிடைத்தன. தம் பெயரைச் சொல்லி வெளியிட வழியும் இருந்தது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் இயற்கை இயற்கையாகவே இருக்கும், துணியாகாது.

இனி நாயாற்றுக்கு வருவோம். பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு வேர். மணற்பாங்கான கரைகளில் வளரும் சாயவேர் எனும் சிறு செடியின் வேரிலிருந்து பருத்தித் துணிக்குச் சிவப்பு ஏற்றினார்கள். மன்னார், யாழ்ப்பாணம், வன்னிப் பகுதிகளில் அதைத் தோண்டிக் கொடுப்பது ஒரு சமூகத்தாருக்கு விதிக்கப்பட்ட கடமை. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தக் கம்பனியின் தளபதியாயிருந்த சுவார்டெக்குறூன் 1697இல் தமக்குப் பின்வருவோருக்கு எழுதிவைத்த அறிக்கையில் இந்த வேரைப் பற்றியும் பேசுகிறார். கம்பனிக்கு அது வருமானம் தரும் பொருள். 1868இல் ஜெர்மனியில் செயற்கை அலிசரின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு இத்தகைய வேர்ச்சாயங்கள் உலகெங்கும் மதிப்பிழந்தன. வன்னிக்கு நிறம் தெரியாது என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றை அறிய வேண்டும்.

இரண்டாவது, மணல். நாயாற்றுக்குத் தெற்கே கொக்கிளாய், புல்மோட்டைக் கரைகளில் இல்மனைற் கலந்த கரிய மணல் வரிவரியாகப் படிந்து கிடக்கும். அந்தக் கறுப்பிலிருந்துதான் தைத்தேனியம் ஈரொட்சைட்டு எனும் வெண்ணிறப் பொருளை எடுக்கிறார்கள். வர்ணப்பூச்சுக்கு மட்டுமன்றி, செயற்கை இழைகளின் மினுமினுப்பைக் குறைக்கவும் அதைச் சேர்ப்பதுண்டு. மணல் இங்கிருந்து கப்பலேறுகிறது. வெண்மை வேறெங்கோ பிறக்கிறது.

மூன்றாவது, வலை. களப்பும் கடலும் சேரும் இடத்தில் வலை பொத்துவது அன்றாட வேலை. அந்த வலைக்கு ஒரு வரலாறும் உண்டு. 1984 டிசம்பரில் இக்கரையில் சிங்கள மீனவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதத்தில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ப் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, போர் முடிந்த பிறகே மீள முடிந்தது. 2018 ஆகஸ்டில் நாயாற்றில் தமிழ் மீனவரின் படகுகளும் வாடிகளும் வலைகளும் எரிந்தன.

நான்காவதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. 2009இன் முதல் மாதங்களில், இதே கடலோரத்தின் வடக்கே முள்ளிவாய்க்கால் வரை ஒடுங்கிய மக்கள், கையிலிருந்த சேலைகளை வெட்டித் தைத்து மண் நிரப்பிப் பங்கர்களுக்கு அரணாக அடுக்கினார்கள். பட்டென்றும் கூறையென்றும் பார்க்க அப்போது நேரமில்லை. வன்னிப் பெண்களின் தையற் கலை வரலாற்றில் அந்த மண்மூட்டைகளும் ஓர் அத்தியாயம்.

ஆக, பார்ப்பதற்குக் குறைவில்லை. தைக்கும் கைகளுக்கும் குறைவில்லை. போருக்குப் பின் கிளிநொச்சியில் மாஸ் நிறுவனத்தின் 'விடியல்', 'வானவில்' ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன; வவுனியாவில் இத்தாலிய நிறுவனமொன்றின் 'ஒமேகாலைன்' வந்தது. அதிகாலையில் பேருந்தேறி அங்கே போகும் பெண்பிள்ளைகளின் சம்பளத்தில் எத்தனையோ அடுப்புகள் எரிகின்றன. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தக் கைகளுக்கு வந்து சேர்வது வேறெங்கோ வரையப்பட்டு, வெட்டப்பட்ட துண்டு. ஒருத்தி கழுத்துப்பட்டியை மட்டுமே நாள் முழுதும் தைப்பாள். முழுச் சட்டையின் வடிவம் அவள் யோசனைக்குரியதன்று. மணலைப் போலவே உழைப்பும் கச்சாப் பொருளாகப் போய்க்கொண்டிருக்கிறது.

கற்பனை என்பது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு, முதலில் வேலை வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நியாயமாகத் தோன்றும் வாதம்தான். ஆனால் சன்சோனியின் கதை அதற்கு மறுப்பு. அங்கே வடிவம் தேடப்பட்டதே வயிற்றுக்காகத்தான். சாதாரணத் துணியை எவரும் எங்கும் மலிவாக நெய்யலாம். வேறிடத்தில் கிடைக்காத துணிக்குத்தான் நெய்தவள் விலை சொல்ல முடியும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. வன்னியிலிருந்து ஒரு வடிவமைப்பாளர் எழுந்தால், வெளியார் அவரிடம் கேட்கப்போவது கண்ணீரையே. மண்மூட்டைச் சேலையை அச்சிட்டுக் கைப்பையாக விற்கச் சொல்வார்கள். அல்லது பனைமரத்தையும் மயிலையும் எல்லாவற்றிலும் ஒட்டச் சொல்வார்கள். முன்னது இறந்தவர்களை விற்பது. பின்னது சோம்பல். எதைத் தொடலாம், எதைத் தொடாமல் விடவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அந்த மண்ணில் வாழ்ந்தவருக்கே இருக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயின்ற ஹேமா சிரோனி ஊசியும் நூலும் கொண்டு இடப்பெயர்வையும் வீட்டையும் பற்றிச் செய்துவரும் தையல் ஓவியங்களைப் பாருங்கள். அவர் ஆடை வடிவமைப்பாளர் அல்லர். ஆயினும் துயரத்தைக் கடைச் சரக்காக்காமல் துணியில் பேச முடியும் என்பதற்கு அவை சான்று.

நாம் செய்யாவிட்டால் பிறர் செய்வார்கள் என்பதையும் மறக்கலாகாது. 2025 ஜூனில் மிலான் நகரில் பிராடா நிறுவனம் காட்சிப்படுத்திய செருப்புகள் கோலாப்பூர்ச் செருப்பை அப்படியே ஒத்திருந்தன. முதலில் ஊரின் பெயரே சொல்லப்படவில்லை; கண்டனம் எழுந்த பிறகுதான் நிறுவனம் அதன் இந்திய மூலத்தை ஒப்புக்கொண்டது. கோலாப்பூருக்கு 2019இலேயே புவிசார் குறியீடு இருந்தது. தன் பெயரை ஏற்கெனவே எழுதிவைத்திருந்த ஊர் என்பதால் அதனால் வாதாட முடிந்தது. நாம் எதை எழுதிவைத்திருக்கிறோம்?

என் யோசனைகள் பெரியவை அல்ல. கரைதுறைப்பற்றில் நாலு தறியும் ஒரு சாயத்தொட்டியும் உள்ள சிறு பட்டறை. பாடசாலையில் சித்திர ஆசிரியரும் மனைப்பொருளியல் ஆசிரியரும் சேர்ந்து பிள்ளைகளைக் களப்புக்கு அழைத்துச் சென்று, வலையின் கண்ணையும் மணலின் வரியையும் வரையவைக்கும் ஒரு பாடவேளை. அம்மம்மாமாரின் பெட்டிகளில் எஞ்சியிருக்கும் துணிகளைப் படமெடுத்து, இது எங்கே நெய்தது, எப்போது உடுத்தது என்று கேட்டு எழுதிவைத்தல். விற்கும் ஒவ்வொரு துணியிலும் வரைந்தவரின் பெயரும் நெய்தவரின் பெயரும்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகளின் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் போவதை நான் தடுக்கவில்லை. பட்டு அங்கேதான் நன்றாயிருக்கும். ஆனால் ஒரு சால்வை, ஒரு மேசைவிரிப்பு, ஒரு துண்டாவது வன்னித் தறியிலிருந்து கேளுங்கள். இரக்கத்துக்காக வாங்காதீர்கள். நன்றாயில்லையென்றால் நன்றாயில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுங்கள். அப்படிக் கேட்கும் வாடிக்கையாளர் ஒருவர் இருந்தால்தான், நாயாற்றில் ஒரு பெண்பிள்ளை அதே வலையை இரண்டாம் முறை உற்றுப் பார்த்துக் கொப்பியில் வரைவாள்.