குளிக்கிற தண்ணீரும் குழாயில் வரட்டும்

செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். உதிர்ந்த பழத்தைத் தின்று பெருகும். கூகைக்குப் பெட்டி கட்டி வளர்க்கிற தோட்டங்கள் உண்டு. கூகை எலியைக் குறைக்குமே தவிர ஒழிக்காது. மழை வந்தால் எலியின் சிறுநீர் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் போய்ச் சேரும். நம் மக்கள் மலாய்ப் பெயரிலேயே 'கென்சிங் திக்குஸ்' என்று சொல்லும் எலிக்காய்ச்சல் பரவுவது இப்படித்தான். 2010 டிசம்பர் முதல் இது மலேசியாவில் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோய்.

தோட்டத்துத் தண்ணீர்ப் பிரச்சினை என்றதும் குடிநீரைப் பற்றியே பேசுகிறோம். தண்ணீர் லாரி வந்தால் போதும், காய்ச்சிக் குடித்தால் போதும் என்கிறோம். போதாது. எலிக்காய்ச்சல் கிருமி வாய் வழியாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. குலை வெட்டுகிறவரின் கையில் மட்டை முள் கிழித்த கீறல் போதும். அந்தக் கையோடு அவர் ஆற்றில் இறங்கிக் குளிக்கிறார். அதே துறையில் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவச் சுத்திகரித்த தண்ணீர் வீட்டுக்குள் வராதவரை எந்த வடிகட்டியும் அவர்களைக் காப்பாற்றாது.

முதலாளி தொழிலாளர் வீடுகளுக்குப் போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் வேலை என்ற ஒற்றைக் கயிற்றில் அது தொங்குகிறது. முப்பது வருடம் ரப்பர்ப் பால் வெட்டி ஓய்ந்துபோன பாட்டி அதன் கண்ணில் தொழிலாளி அல்ல. தோட்டம் கைமாறி, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பழைய குடும்பங்கள் மட்டும் மிஞ்சினால் அவர்களுடைய முதலாளி யார்? குழாய் உடைந்தால் யாரிடம் போய் நிற்பது? தோட்டம் முழுவதற்கும் ஒரே மீட்டர் என்றால் சிக்கல் இன்னும் கூடும். மீட்டர்வரைதான் தண்ணீர் நிறுவனத்தின் பொறுப்பு; அதற்கு உள்ளே ஓடும் துருப்பிடித்த குழாயும் மூடியில்லாத தொட்டியும் நில உரிமையாளருடையவை.

ஆகவே பகாவ், ரந்தாவ், லாபு, போர்ட்டிக்சன் என்று நெகிரி செம்பிலான் முழுவதும் லயத்து வீடு ஒவ்வொன்றுக்கும் தனி மீட்டர் வேண்டும். வேலையில் இருப்பவர், ஓய்வுபெற்றவர், வங்காளதேசத்திலிருந்து வந்தவர் என்ற பேதம் இதில் கூடாது. தண்ணீரின் தரத்தைத் தோட்ட வாசலில் அல்ல, சமையலறைக் குழாயடியில் சோதிக்க வேண்டும்.

இதெல்லாம் கோலாலம்பூர் பார்க்க வேண்டிய வேலை என்று மாநில அரசு கைவிரிக்க முடியாது. நமது அரசியலமைப்பில் நிலம் மாநிலத்தின் அதிகாரம். தோட்டத்தைத் துண்டாடவும் வீடமைப்புக்கு மாற்றவும் சிரம்பானில் இருக்கும் மாநில அரசின் அனுமதி வேண்டும். லயத்தில் கடைசிக் குடும்பத்துக்கும் குழாய் போட்டுக் கொடுத்த பிறகே அந்த அனுமதியில் மந்திரி பெசாரின் அரசு கையெழுத்துப் போடட்டும்.