பெயர் எழுதப்படாத பிக்கப்



ஹைதராபாத், ஹப்சிகுடாவில் வசிக்கும் ஒரு சகோதரர் சென்ற மாதம் நமக்கு எழுதியிருந்தார். அவருடைய மகன், வாலிபர் ஆராதனையில் வாசிப்பதற்காக, அதே சபையைச் சேர்ந்த ஒருவரிடம் பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கியிருக்கிறான். பேசிய விலை 9,000 ரூபாய். கிட்டார் வீடு வந்து சேர்ந்த பின்பு, விற்றவர், "இதிலிருப்பது வெளிநாட்டு அல்நிகோ பிக்கப், ஆகையால் இன்னும் 3,000 ரூபாய் தரவேண்டும்" என்றாராம். பிக்கப்பின்மேல் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. "கொடுத்தால் இந்த மாத வாடகையில் துண்டு விழுகிறது, மறுத்தால் சகோதரனைப் பொய்யனென்று சொன்னதாகிறது. நான் என்ன செய்வேன்?" என்று கேட்டிருக்கிறார். மகன் அந்தப் பிக்கப்பின் பின்புறத்தைப் படமெடுத்தும் அனுப்பியிருக்கிறான்.

பிரியமானவர்களே, நம் சபைகள் பலவற்றில் இப்படிப்பட்ட கிட்டார்கள் கைமாறுகின்றன. ஆகவே இதற்குச் சற்று விரிவாகவே பதிலளிக்கிறோம்.

தந்திகளின் கீழே பதிக்கப்பட்டிருக்கும் பிக்கப் என்பது, காந்தமும் அதைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மயிரிழை போன்ற செம்புக்கம்பியுமே. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. அதையே ஆம்ப் பெரிதாக்குகிறது. குறைந்த விலைக் கிட்டார்களில் மொத்தமாகச் செய்யப்பட்ட பிக்கப்புகளைப் பொருத்துவதால், பெரும்பாலும் அவற்றில் பெயர் இருப்பதில்லை. பெயர் இல்லாதது குறையன்று.

பெயர் இருப்பதும் முழுச் சாட்சியன்று. 1955-ல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் என்பவர் இரைச்சலை நீக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பை உருவாக்கினார். அதுவே ஹம்பக்கர். அதற்குக் காப்புரிமை 1959-ல் கிடைத்தது. பின்னர் அதன் அடியில் ஒட்டிய சீட்டில் 2,737,842 என்ற எண்ணை அச்சிட்டார்கள். அதுவோ, லெஸ் பால் பெற்றிருந்த, தந்திகளைத் தாங்கும் பாகத்தின் காப்புரிமை எண்! பெரிய நிறுவனத்தின் சீட்டே இப்படியென்றால், சீட்டை நம்பாமல் பொருளைச் சோதிப்பதே உத்தமம்.

முதலாவது, கழற்றாமலே அளக்கலாம். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்; கோட்டியிலுள்ள குஜராத்தி கல்லியில் கிடைக்கும். கிட்டாரில் கேபிளைச் செருகி, மறுமுனையை ஆம்பில் செருகாமல் வையுங்கள். வால்யூமை முழுவதும் திறந்து, மீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, பிளக்கின் நுனியிலும் தண்டிலும் ஊசிகளைத் தொடுங்கள். சுவிட்சை ஒரே பிக்கப் மட்டும் ஒலிக்கும் நிலையில் வைக்கவேண்டும். இரண்டு சேர்ந்தால் எண் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஒற்றைச் சுருள் பிக்கப் பெரும்பாலும் 5 முதல் 7 கிலோ ஓம் வரை காட்டும். ஹம்பக்கர் 7 முதல் 9 வரையிலும், பலமாகச் சுற்றியவை அதற்கு மேலும் காட்டும். வால்யூம் பாகமும் இணைந்திருப்பதால் எண் சற்றுக் குறையும்: 6 கிலோ ஓம் சுருள், 250 கிலோ ஓம் வால்யூமோடு சேரும்போது சுமார் 5.86 என்றே தெரியும்.

ஆனால் இந்த எண்ணைக் கொண்டு தரத்தைத் தீர்க்காதீர்கள். கம்பி மெல்லியதானால், சுற்று கூடாமலே எண் கூடும். செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். 20 பாகையில் அளந்ததை மே மாத ஹைதராபாத்தில் 40 பாகையில் அளந்தால், அதே பிக்கப் சுமார் 8 சதவீதம் அதிகமாகக் காட்டும். "என்னுடையது எண்ணில் பெரியது" என்ற பெருமைக்கு இங்கே இடமில்லை.

இரண்டாவது, பின்புறத்தைப் பாருங்கள். தந்திகளைத் தளர்த்தி, திருகுகளைக் கழற்றி, கம்பிகள் அறுந்துபோகாதபடி மெதுவாகத் தூக்குங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப்பில், அடியில் கருமையான ஒரு பட்டை காந்தம் ஒட்டப்பட்டிருந்தால் அது செராமிக். மேலே தெரியும் ஆறு குமிழ்களும் வெறும் எஃகே. பட்டை இல்லாமல், ஆறு தண்டுகளும் தாமே காந்தமாயிருந்தால் அது பெரும்பாலும் அல்நிகோ. அதாவது அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவை இரும்போடு கலந்த உலோகம். ஹம்பக்கரில் இரண்டு வகையும் பட்டையாகவே இருக்கும். ஆகவே, பூச்சில்லாத இடத்தில் காந்தத்தின்மீதே மீட்டரின் இரு ஊசிகளையும் வையுங்கள். அல்நிகோ உலோகமாதலால் மின்சாரம் பாயும், செராமிக்கில் பாயாது.

மூன்றாவது, திசைகாட்டி. ஹப்சிகுடாவில் இருப்பவர்களுக்கு இது அந்நியமன்று. 1961-ல் தொடங்கிய தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. பூமியின் காந்தப்புலத்தை அளப்பதும் அதன் பணிகளில் ஒன்று. சிறிய திசைகாட்டியை ஒவ்வொரு பிக்கப்பின் மேலும் சற்று எட்டவே பிடியுங்கள். நடுப் பிக்கப் மற்ற இரண்டுக்கும் எதிரான முனையை இழுத்தால், அது பெரும்பாலும் எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருக்கும். ஐந்து நிலைச் சுவிட்சின் 2-ம், 4-ம் நிலைகளில் ஆராதனை வேளையின் இரைச்சல் வெகுவாய்க் குறையும்.

கம்பியின் நிறத்தைக்கொண்டு நிறுவனத்தைத் தீர்மானிக்கவேண்டாம்; ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிறம் வைக்கிறார்கள்.

இனி அந்தச் சகோதரருக்கு: உங்கள் மகன் அனுப்பிய படத்தில் மூன்று பிக்கப்பின் அடியிலும் கருமையான பட்டை தெளிவாகத் தெரிகிறது. அவை செராமிக். யார் செய்தது என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது. ஆனால் அல்நிகோ அன்று என்பதைச் சொல்லிவிட்டது. அந்த 3,000 ரூபாயை நீங்கள் கொடுக்கவேண்டியதில்லை.

என்றாலும், இதைச் சபையில் பலர் முன்பாகப் பேசாதேயுங்கள். அவரைத் தனியே வீட்டுக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, கிட்டாரைத் திருப்பி வைத்து, மீட்டரை அவர் கையிலேயே கொடுங்கள். அவர் வாங்கியபோது அவருக்கும் இதையே ஒருவர் சொல்லியிருக்கலாம். கள்ளத்தராசை வேதம் கண்டிக்கிறது என்பதை அவரும் அறிவார். அதை நீங்கள் நினைப்பூட்ட வேண்டியதில்லை. கண்ணால் கண்டது போதும்.

மகனுக்கு ஒரு வார்த்தை: செராமிக் என்றதும் சோர்ந்துபோகாதே. பளிச்சென்ற ஒலி தருவது அதன் இயல்பு, அது தாழ்ந்ததன்று. புதிய தந்தி போட்டு, கடைசிக் கட்டையில் தந்தியை அழுத்தி, பிக்கப்புக்கும் தந்திக்கும் இடையே ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இருக்கும்படி திருகைச் சரிசெய். அதன் பின்பும் குறை தோன்றினால், அப்பொழுது புதியதைக் குறித்து யோசிக்கலாம். நாளை இதை நீ விற்கும்போது, "பெயரில்லாத செராமிக்" என்றே சொல்லி விற்றுவிடு.