விரல் நுனியின் கண்

பண்டத்தரிப்பிலே பனையோலைப் பெட்டி இழைக்கும் தாய்மாரை வாசகர்கள் கண்டிருப்பர். வாய் ஊர்க்கதை பேசும். கண் படலையில் நிற்கும். விரலோ ஓலையின் விளிம்பைத் தானே தேடிப் பிடிக்கும். அவ்விரலுக்குக் கண் எங்கேயுள்ளது?

1875ஆம் ஆண்டிலே பிரீட்ரிக் மேர்க்கெல் என்னும் ஜேர்மனிய உடற்கூற்றறிஞர் மேற்றோலின் அடித்தளத்தில் ஒருவகைக் கலங்களைக் கண்டு, அவற்றைத் தொடுகைக் கலங்கள் என்றார். ஓலை விளிம்பு அழுத்தியதும் கலத்தின் மென்சவ்விலுள்ள 'பீசோ 2' என்னும் புரத வாயில் திறக்கின்றது. மின்னேற்றமுள்ள அயன்கள் உட்புகுகின்றன. அருகே காத்திருக்கும் நரம்பு செய்தியை மூளைக்கு அனுப்புகின்றது. பீசோ வாயில்களை 2010இல் தம் குழுவினரோடு கண்டறிந்த ஆடெம் பட்டபூட்டியான் 2021இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றார்.

சத்தகம் தவறி விரலிற் பட்டால்? மேலோட்டமான கீறலாயின் தோல் சில நாளில் மூடிக்கொள்ளும். ஆழ வெட்டி நரம்பு அறுந்ததாயின் கதை வேறு. நரம்பை இழந்த தொடுகைக் கலங்கள் பல மெல்ல மெல்லக் குறைந்துவிடுகின்றன. அறுந்த நரம்போ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரே வளரும். மணிக்கட்டில் அறுந்தது விரல் நுனியை எட்ட அரையாண்டாகும். எட்டினாலும் பழைய நுட்பம் முழுவதும் திரும்புதல் அரிது. புண் ஆறிற்று என்று நாம் சொல்வது தோலைப் பற்றியே.

வலியை உணர்த்துவன வேறு நரம்பு முனைகள்; ஆயினும் நரம்பு கெட்டால் தொடுகையும் வலியும் ஒருங்கே போகும். "வலி போனால் நல்லதுதானே" என்பாருக்கு நாம் வேலூரைக் காட்டுவோம். அவ்வூருக்கும் பண்டத்தரிப்புக்கும் ஓர் உறவுமுண்டு. 1820இல் இங்கே வந்து வைத்தியஞ் செய்த அமெரிக்க மிஷன் டாக்டர் ஜோன் ஸ்கடரின் பேர்த்தி ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதே வேலூர் ஆஸ்பத்திரி. கொல்லிமலையிற் பிறந்து, 1946இல் அங்கே பணியேற்ற போல் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை என்று காட்டினார். கிருமி நரம்பைக் கெடுக்கின்றது. பின்பு சூடும் வெட்டும் உறைக்காமையால் நோயாளர் தம் கையைத் தாமே காயப்படுத்திக்கொள்கின்றனர். துருப்பிடித்த பூட்டொன்றை அவராலே திறக்க முடியவில்லை. நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை எளிதில் திருகித் திறந்துவிட்டான். பார்த்தால், விரல் எலும்பு தெரிய வெட்டுண்டு குருதி சொட்டியது. அவனுக்கோ ஒன்றுந் தெரியவில்லை.

இரவிலே விரல் காணாமற்போவதன் மர்மமும் பின்னர் வெளிப்பட்டது. உறங்குவோரின் மரத்த விரல்களை எலிகள் கடித்திருந்தன. அதன்பின் வீடு திரும்பும் நோயாளர் ஒவ்வொருவரும் கையோடு ஒரு பூனையையுங் கொண்டு போனார்களாம்.