தடை செய்யப்பட்ட பாடம்

புனே நகரை அடுத்த போசரியில், 1992இல் தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் தொடங்கப்பட்ட ஆய்வகம் இயங்கி வருகிறது. எச்.ஐ.வி. பரவும் வழிகளையும் அதனைத் தடுக்கும் முறைகளையும் அறிவியலாளர்கள் அங்கே ஆராய்கின்றனர். அதே மகாராஷ்டிரத்தில்தான் 2007ஆம் ஆண்டு பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் தடை செய்யப்பட்டது. எய்ட்ஸ் தடுப்பும் வாழ்க்கைத் திறன் பயிற்சியும் அத்திட்டத்தின் அடிப்படைக் கூறுகளாகும். ‘பண்பாட்டுக்கு ஒவ்வாதது’ என்று சட்டமன்றத்தில் எழுந்த எதிர்ப்புக்கு அன்றைய காங்கிரஸ் கூட்டணி அரசு பணிந்தது. வேறு சில மாநிலங்களும் இவ்வழியே சென்றன. 2009இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழுவும் பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாதெனப் பரிந்துரைத்தது.

பள்ளியில் மறுக்கப்பட்ட பாடத்தின் விளைவைப் பல்கலைக்கழகம் எதிர்கொள்கிறது. மராத்வாடாவிலிருந்தும் விதர்பாவிலிருந்தும் விவசாயிகளின் பிள்ளைகள் பட்டப்படிப்புக்காகவும் அரசுப்பணித் தேர்வுகளுக்காகவும் புனேக்கு வருகின்றனர். நெருக்கடியான வாடகை அறைகளில் வாழும் அவர்களுக்கு ஐயங்களைக் கேட்டறிய ஆளில்லை. கைப்பேசியும் அரைகுறையாய் அறிந்த நண்பர்களுமே ஆசான்கள்.

டிசம்பர் 1 அன்று ஒரு பேரணி, ஓர் உறுதிமொழி, செஞ்சுருள் சங்கத்தின் சுவரொட்டி ஆகியவற்றோடு கடமை முடிந்ததெனக் கல்லூரி நிர்வாகங்கள் கருதலாகாது. கிருமி எவ்வாறு பரவும் என்பதைத் தேர்வில் பிழையின்றி எழுதும் மாணவி, ஆணுறை வேண்டுமென்று தன் துணையிடம் சொல்லத் தயங்கலாம். நண்பர்கள் வற்புறுத்தும் மதுவையோ போதை ஊசியையோ மாணவனால் மறுக்க முடியாமற்போகலாம். மறுத்தல், வெளிப்படப் பேசுதல், சிந்தித்து முடிவெடுத்தல், தொற்றுடையோரை மனிதராக மதித்தல் ஆகியவை பழகிப் பழகியே கைவரும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த வாழ்க்கைத் திறன்களின் உட்பொருள் இதுவே.

இக்கல்வி இளைஞரைக் கெடுக்கும் என்ற வாதத்திற்கு ஆதாரமில்லை. பாலியல் கல்வி உடலுறவை முன்கூட்டியே தூண்டுவதில்லை என்று, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018இல் தெளிவுபடுத்தியது. பண்பாட்டின் பெயரால் அறிவை மறுப்பதும் புதிதன்று. புனேயில் பயின்ற ரகுநாத் தோண்டோ கார்வே 1921இல் மும்பையில் கருத்தடை ஆலோசனை மையம் திறந்தார். 1927இல் ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்னும் மராத்தி இதழைத் தொடங்கினார். ஆசிரியர் பணியை இழந்தார். ஆபாசக் குற்றச்சாட்டில் நீதிமன்றம் ஏறினார். 1934இல் அவருக்காக வாதாடியவர் டாக்டர் அம்பேத்கர்.

2018 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டம், கல்வி நிலையங்களில் தொற்றுடையோருக்கு எதிரான பாகுபாட்டைத் தடை செய்கிறது. ஒப்புதலின்றிப் பரிசோதிக்கலாகாது என்கிறது. சட்டம் ஏட்டளவில் நின்றுவிடாதிருக்க, பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலேயே வாழ்க்கைத் திறன் பயிற்சி இடம்பெற வேண்டும். ஒப்பந்த முறையிலன்றி நிரந்தர ஆலோசகர்கள் நியமிக்கப்பட வேண்டும். இலவசப் பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையங்களை மாணவர்கள் அச்சமின்றி அணுக வழிசெய்ய வேண்டும். கட்டணக் குறைப்புக்கும் விடுதி வசதிக்கும் போராடும் மாணவர் இயக்கம், இக்கோரிக்கைகளையும் தன் பதாகையில் எழுதுவது காலத்தின் தேவை.