ஒகேனக்கல் தண்ணியும் ஒரு சம்ப்பும்

ஓசூர்ல வாடகைக்கு வீடு தேடறவங்க கேட்கற முதல் கேள்வி அட்வான்ஸ் எவ்வளவு. ரெண்டாவது கேள்வி, "ஒகேனக்கல் தண்ணி வருதா?" வருதுன்னு சொன்னா பாதி முடிவு பண்ணின மாதிரிதான். சரி, அவ்வளவு ஆசையாக் கேட்டு வாங்கின தண்ணியை நாம என்ன செய்யறோம்? போர் தண்ணி நிக்கற அதே சம்ப்புக்குள்ள திறந்து விடறோம். ரெண்டும் ஒண்ணாக் கலந்து மோட்டார்ல மாடி டேங்குக்குப் போகுது. அங்கேருந்து சமையல்கட்டுக்கு வருது. அங்கே சுவத்துல ஒரு ஆர்.ஓ. மெஷின். அது ஒரு லிட்டர் குடிக்கக் கொடுத்தா ரெண்டு மூணு லிட்டரை சாக்கடைக்கு அனுப்புது.

இதுதான் எனக்குப் புரியாத இன்ஜினியரிங்!

அந்தத் தண்ணி இங்கே வந்த கதையைக் கொஞ்சம் யோசிங்க. ஓசூர் இருக்கறது கடல் மட்டத்துலேருந்து சுமார் 900 மீட்டர் உயரத்துல. காவிரி ஓடற ஒகேனக்கல் அதைவிடப் பல நூறு மீட்டர் கீழே. அங்கேருந்து எடுத்து, சுத்திகரிச்சு, கட்டம் கட்டமா பம்ப் பண்ணி தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் அனுப்பறாங்க. ஜப்பான் கடன்ல சுமார் 1,900 கோடி ரூபாய் திட்டம். 2008 பிப்ரவரியில அடிக்கல் நாட்டினப்போ எல்லைக்கு அந்தப் பக்கம் எவ்வளவு ரகளை, பதிலுக்குச் சென்னையில தமிழ் சினிமாக்காரங்க உண்ணாவிரதம்... ஞாபகம் இருக்கும். ஒருவழியா 2013-ல திறந்தாங்க. இத்தனை சண்டை போட்டு மலையேத்திக் கொண்டுவந்த தண்ணியில பாதிக்கு மேல பாத்திரம் கழுவற சிங்க் வழியாப் போகுது.

"போர் தண்ணி அவ்வளவு மோசமா?"ன்னு வெளியூர்க்காரங்க கேட்கலாம். இந்தப் பக்கம் பூமி முழுக்கக் கருங்கல் பாறை. பாறை இடுக்குல வருஷக்கணக்கா நின்ன தண்ணியை ஆழமா போர் போட்டு உறிஞ்சறோம். பாறையில இருக்கறதெல்லாம் அதுல கரைஞ்சிருக்கும். கால்சியமும் மெக்னீசியமும் நிறைய இருந்தா அதுதான் கடினத்தன்மை. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, கெய்சர் காயில்ல சுண்ணாம்பு கட்டும், குழாய் முனையில வெள்ளை வெள்ளையாப் படியும். எரிச்சல்தான். ஆனா ஆளைக் கொல்ற விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனமே கடினத்தன்மைக்குன்னு உடல்நல அடிப்படையில ஒரு உச்ச வரம்பு வைக்கலை. நம்ம பி.ஐ.எஸ். தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லதுங்குது, வேற தண்ணியே கிடைக்கலைன்னா 600 வரை பொறுத்துக்கலாம்ங்குது.

இந்த மாவட்டங்கள்ல உண்மையான வில்லன் ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் நல்லது, வேற வழியில்லைன்னா 1.5. அதுக்கு மேல வருஷக்கணக்காக் குடிச்சா குழந்தைங்க பல்லுல பழுப்புக் கறை விழும், ரொம்ப முத்தினா எலும்பு, மூட்டு எல்லாம் இறுகிடும். ஒகேனக்கல் திட்டத்தோட பேர்லயே ஃப்ளோரோசிஸ் தடுப்புன்னு சேர்த்திருக்காங்க. இதுக்காகத்தான் அந்தத் தண்ணியே வந்தது! அதைக் கொண்டுபோய் போர் தண்ணியோட கலக்கறது, மருந்தை வாங்கி நோயிலேயே கரைச்சுக் குடிக்கற மாதிரி.

கொடுமை என்னன்னா ஃப்ளோரைடு கண்ணுக்குத் தெரியாது, ருசியும் காட்டாது. "நாங்க கொதிக்க வெச்சுத்தாங்க குடிக்கிறோம்"னு சொல்றவங்க கவனிக்க. கொதிக்க வெச்சா கிருமி சாகும், ஃப்ளோரைடு எங்கேயும் போகாது. தண்ணி வத்த வத்த அளவு இன்னும் கூடும்.

இங்கேதான் விக்கறவங்க புகுந்து விளையாடறாங்க. எதிர் வீட்டு அக்கா வீட்டுக்கு ஒருத்தர் டெமோ காட்ட வந்தார், நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். ரெண்டு டம்ளர். ஒண்ணுல குழாய்த் தண்ணி, இன்னொண்ணுல அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணி. ரெண்டு ஜோடிக் கம்பி வெச்ச ஒரு கருவியை உள்ளே விட்டு பிளக்கைச் சொருகினார். ஒரு நிமிஷத்துல குழாய்த் தண்ணி கரும்பழுப்பா, சேறு மாதிரி ஆயிடுச்சு. ஆர்.ஓ. தண்ணி அப்படியே கண்ணாடி மாதிரி. "இதைத்தான் மேடம் நீங்க தினமும் குடிக்கிறீங்க." அக்கா முகத்தைப் பார்க்கணுமே!

அந்த அழுக்கு தண்ணியிலேருந்து வரலை, கம்பியிலேருந்து வருது. இரும்பும் அலுமினியமும் கரைஞ்சு வர்ற துருதான் அது. உப்புச்சத்து இருக்கற தண்ணியில கரண்ட் பாயும், கம்பி அரிக்கும். ஆர்.ஓ. தண்ணியில உப்பு ரொம்பக் கம்மிங்கறதால கரண்ட் சரியாப் பாயாது, அவ்வளவுதான். "அந்த டம்ளர்ல ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் காட்டுங்களேன்"னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "சார் என்ன வேலை பார்க்கறீங்க?"ன்னார். சாஃப்ட்வேர்னேன். "அப்புறம் கெமிஸ்ட்ரி எதுக்கு சார் உங்களுக்கு?" :-)

அக்கா மெஷின் வாங்கிட்டாங்க. அது வேற கதை.

அவங்க கையில வெச்சிருக்கற டி.டி.எஸ். மீட்டரும் பாதி உண்மைதான் சொல்லும். தண்ணியில எவ்வளவு கரண்ட் பாயுதுன்னு பார்த்து, மொத்த உப்பு இவ்வளவு இருக்கலாம்னு கணக்குப் போட்டுக் காட்டற கருவி அது. அதுல கால்சியம் எவ்வளவு, ஃப்ளோரைடு எவ்வளவு, கிருமி இருக்கான்னு அதுக்குத் தெரியாது. காவிரித் தண்ணியோட டி.டி.எஸ். பொதுவா 500-க்குள்ளதான். அந்த மாதிரி இடங்கள்ல ஆர்.ஓ.வைத் தடை செய்யணும்னு தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019 மே மாசம் மத்திய அரசுக்குச் சொல்லிச்சு.

ஆர்.ஓ.வே வேண்டாம்னு நான் சொல்லலை. போர் தண்ணி மட்டும்தான் கதி, அதுல ஃப்ளோரைடு அதிகம்னா ஆர்.ஓ. அவசியம், அது ஃப்ளோரைடைப் பெருமளவு வடிகட்டும். ஆனா ஃப்ளோரைடு எவ்வளவுன்னு தெரிஞ்சுக்காம பத்தாயிரம் பதினஞ்சாயிரம் கொடுக்கறது ரத்தப் பரிசோதனை பண்ணாமலே மாத்திரை சாப்பிடற மாதிரி. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் பரிசோதனைக் கூடம் இருக்கு. சுத்தமான பாட்டில்ல தண்ணி பிடிச்சுட்டுப் போய், கட்டணம் கட்டினா எழுதிக் கொடுப்பாங்க. கடினத்தன்மையை நீங்களேகூடப் பார்க்கலாம். முதல் வருஷம் கெமிஸ்ட்ரி லேப்ல ஈ.டி.டி.ஏ. சொட்டுச் சொட்டா விட்டு, ஒயின் சிவப்பு நீலமா மாறுதான்னு கண்ணு வலிக்கப் பார்த்தோமே, அதேதான். எட்டு செமஸ்டர்ல வீட்டுக்கு உதவின ஒரே பாடம் அதுதான்னு நினைக்கறேன்.

நம்ம ஊருக்கு உண்மையில தேவை மெஷின் இல்லை, ஒரு குழாய். ஒகேனக்கல் லைனை சம்ப்புக்குள்ள விடாம, தனியா ஒரு 500 லிட்டர் டேங்க். அங்கேருந்து சமையல்கட்டுக்குத் தனிக் குழாய். மீதி எல்லாத்துக்கும் போர். பைப்பும் டேங்கும் பிளம்பர் கூலியும் சேர்த்தாக்கூட நல்ல மெஷின் விலையைத் தாண்டாதுன்னுதான் நினைக்கறேன், வருஷா வருஷம் ஃபில்டர் மாத்தற செலவும் கிடையாது. தண்ணி தினமும் வராது, டேங்க்ல நாள்கணக்கா நின்னா குளோரின் போயிடும், அதனால காய்ச்சியோ யு.வி. வெச்சோ குடிக்கலாம். அது போதும்.

மாநகராட்சியும் கொஞ்சம் மனசு வைக்கணும். 2019-ல மாநகராட்சி ஆன ஊர் இது. வார்டு வாரியா இந்த மாசம் எந்தத் தண்ணி விட்டோம், கடினத்தன்மை எவ்வளவு, ஃப்ளோரைடு எவ்வளவு, குளோரின் எவ்வளவுன்னு நாலு நம்பர் வரி ரசீதுல அச்சடிச்சா என்ன குறைஞ்சிடும்? குடிநீர் லைன்லயே சில நாள் போர் தண்ணியைக் கலந்து விடறாங்களோன்னு தெருவுக்குத் தெரு சந்தேகம். அந்த நம்பர் கையில இல்லாததாலதானே டம்ளர்ல கம்பி விடறவர் சொல்றதை எல்லாரும் நம்பறாங்க?

வாடகை வீட்டுக்காரங்களுக்கு இதுல ஒரு சிக்கல் இருக்கு. ஹவுஸ் ஓனர்கிட்ட தனி டேங்க் கேட்டா, "உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க யாரும் கேட்கலையேப்பா"ன்னு பதில் வரும். அதுவரைக்கும் சம்ப் மூடியைத் திறந்து, ஒகேனக்கல் குழாய் வாயில நேரா குடத்தை வெச்சுப் பிடிக்கறதுதான் வழி. எங்க தெருவுல நாலஞ்சு வீட்டுல அப்படித்தான் பிடிக்கறாங்க, ராத்திரி எத்தனை மணிக்கு விட்டாலும்.