காட்டுக்குப் போகும் காலுக்கு முதல் மரியாதை



புதுச் செருப்பு வாங்கினால் முதலில் அது கல்யாண வீட்டுக்கும் டவுனுக்கும் போகும். கொஞ்சம் தேய்ந்ததும் கடைத்தெருவுக்கு. வார் பிய்ந்து, அடியில் ஊக்கு மாட்டி, குதிகால் பக்கம் காகிதம்போல் மெலிந்த பிறகு, “சரி, காட்டுக்குப் போட்டுக்கலாம்” என்று ஒதுக்கி வைப்போம். ஆவூர் பக்கம் மட்டுமல்ல, புதுக்கோட்டைச் சீமை முழுக்க இதுதான் வழக்கம். முள்ளும் கல்லும் பாம்பும் இருக்கிற இடத்துக்கு இருப்பதிலேயே மோசமான செருப்பை அனுப்புகிறோம். இந்த வரிசையை நாம் மாற்றியாக வேண்டும்.

ஆவூர், விராலிமலை வட்டாரத்தில் நடந்தவர்களுக்குச் சீமைக்கருவேல முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஹவாய் செருப்பின் ரப்பரை அது ஒரே மிதியில் துளைத்துவிடும். பிடுங்கிப் போட்டுவிட்டு நடந்தாலும் வேலை முடியாது. நுனி ஒடிந்து ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. முழு எடையும் அந்தக் காலில் விழும்போது மட்டும் சுருக்கென்று தைக்கும். ஆடு மேய்ப்பவர்கள் நடுவழியில் செருப்பைக் கழற்றி, உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது இதற்காகத்தான். காலில் ஒடிந்த முள்ளை ஊக்கால் நோண்டுவதும், எருக்கம்பால் வைத்துவிட்டுக் காத்திருப்பதும் இன்னும் நடக்கிறது. ஆழமாக ஏறியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் எடுத்துவிட்டு, டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு முள் குத்தியதே தெரியாது. அவர்கள் தினமும் மாலையில் உள்ளங்காலைப் பார்த்துவிட வேண்டும்.

விடுமுறை வந்தால் பிள்ளைகளோடு நார்த்தாமலைக்கும் சித்தன்னவாசலுக்கும் போகிறோம். அங்கே ஆபத்து வேறு மாதிரி. மொட்டைப் பாறைமேல் உதிர்ந்து கிடக்கும் பொடி மணலில், தேய்ந்த அடிப்பாகம் நிற்காமல் வழுக்கும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். சித்தன்னவாசலில் சமண முனிவர்களின் கற்படுக்கைகளுக்குப் போகும் ஏழடிப்பட்டத்தில், பாறையில் கால் வைக்கவென்றே குழி வெட்டியிருக்கிறார்கள். கால் வழுக்கும் என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். நாம் அடியில் வரிப்பள்ளம் உள்ள, பின்பக்கம் வார் பிடிக்கிற ஒரு செருப்பையாவது போட்டுக்கொண்டு போகலாம்.

ஆவூருக்கும் காலணிக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. இயேசு சபைப் பாதிரியார்களின் மதுரை மிஷனுக்கு முக்கியத் தலமாக இருந்த ஊர் இது. வீரமாமுனிவர் பணியாற்றிய ஊரும்கூட. அந்த மிஷனில் துறவிக் கோலம் பூண்ட பாதிரியார்கள் தோல் காலணியை விட்டுவிட்டு, கட்டைக்குறடு போட்டு நடந்தார்கள். துறவிக்குத் தோல் ஆகாது என்பது அன்றைய மக்களின் எண்ணம். விரலிடுக்கில் குமிழ் பிடித்த குறட்டோடு இந்தச் சரளை மண்ணில் நடந்து பழக, ஐரோப்பாவில் வளர்ந்த கால்கள் எவ்வளவு புண்பட்டிருக்கும்! மரியாதைக்காக அவர்கள் அந்த வலியை ஏற்றார்கள். வெள்ளியங்கிரி ஏழு மலையை வெறுங்காலோடு ஏறுகிற பக்தர்களும், கொடைக்கானல் மலைச்சரிவில் இருக்கும் வெள்ளகவிக்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுழைகிறவர்களும் அப்படித்தான். வேண்டுதலும் ஊர்க் கட்டுப்பாடும் மதிக்கத்தக்கவை. ஆனால் வெறும் அலட்சியத்தால் வெறுங்காலோடு போவதற்கு அந்தப் பெருமை கிடையாது.

பாம்பைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 உயிர்கள். பெரும்பாலும் கிராமத்து மக்கள். கடி விழுவது பெரும்பாலும் காலில். தமிழக அரசு 2024இல் பாம்புக் கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. மழைக்குப் பிறகு புல் மண்டிய வரப்பில் நடக்கிறவருக்குக் கணுக்காலை மூடிய ஷூவோ கம்பூட்ஸோ உயிர்க்காப்பு. இரவில் டார்ச்சும் வேண்டும். வாசலில் கிடந்த ஷூவை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போடுங்கள். தேளும் தவளையும் உள்ளே குடியிருக்கும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 2024இல் 40 பாதைகளோடு தொடங்கியபின், மலையேற்றத்துக்குப் போகும் இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள். மகிழ்ச்சி. அவர்களுக்குச் சில வார்த்தை. புது ஷூவோடு நேரே மலைக்குப் போகாதீர்கள். வாங்கிய பிறகு சில வாரம் உள்ளூரில் போட்டு நடங்கள். இல்லையென்றால் பாதி வழியில் குதிகாலில் கொப்புளம். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் ஷூ வாங்குங்கள். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் இடித்துக் கறுத்துவிடும். பல வருடம் அலமாரியில் கிடந்த ஷூவை நம்பாதீர்கள். பார்க்கப் புதிதாக இருக்கும். அடிப்பாகம் ஈரக்காற்றில் இற்றுப்போய், நடக்கும்போது உதிர்ந்துவிடும். அட்டை கடிக்கும் ஆனைமலைக் காடுகளுக்கு நீண்ட சாக்ஸ் தேவை.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தைக்கிற ஷூக்கள் கடல் கடந்து போகின்றன. நம் ஊர்க் காட்டில் ஆடு மேய்க்கிற பெரியவரும், விறகு பொறுக்குகிற அக்காவும், நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவும் தேய்ந்த ரப்பரோடு நடக்கிறார்கள். சாதியின் பெயரால் சிலரைத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கவிடாமல் தடுத்த கொடுமை நடந்த மண் இது. ஆகவே நல்ல காலணி என்பது பாதுகாப்பு மட்டுமல்ல, கண்ணியமும்கூட.

இந்தத் தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது, உங்கள் வீட்டில் காட்டுவேலைக்குப் போகிறவருக்கு ஒரு ஜோடி ஷூ வாங்குங்கள். நல்ல நாளுக்கென்று அவர் எடுத்து வைத்துவிடுவார். மறுநாளே காட்டுக்குப் போட்டுப் போகச் சொல்லுங்கள். உங்கள் பகுதியில் எந்தச் செருப்பு முள்ளுக்குத் தாங்குகிறது, எங்கே நியாய விலைக்குக் கிடைக்கிறது என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்