எந்தச் சந்தையில் கடை விரிப்பது?

கடை விரிக்குமுன் சந்தையைப் பார்க்க வேண்டும் என்பது வியாபாரத்தின் முதற்பாடம். மாட்டுச் சந்தைக்குப் போய் மல்லிகைப்பூவைக் கூறுகட்டி வைப்பவர் எவருமில்லை. ஆனால் சமூக ஊடகம் என்னும் புதிய சந்தைக்குள் நுழைந்ததும் நம் ஊர் வியாபாரிகள் பலருக்கு இந்தப் பாடம் மறந்துவிடுகிறது. முகநூலில் ஒரு கணக்கு, இன்ஸ்டாகிராமில் ஒன்று, யூடியூபில் ஒன்று, எல்லாவற்றிலும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு வாழ்த்துப் படம், அதோடு சரி. பிறகு, "விளம்பரம் செய்தோம், பயனில்லை" என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

நம்மிடம் படித்து இன்று தொழில் நடத்தும் இளைஞர்கள் சிலர், "ஐயா, எதில் விளம்பரம் செய்யலாம்?" என்று கேட்பதுண்டு. "உன் சரக்கு என்ன? அதை வாங்குகிறவர் யார்?" என்று நாம் திருப்பிக் கேட்போம். விடை அந்த இரண்டு கேள்விகளுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

திண்டுக்கல் பூட்டையே எடுத்துக்கொள்வோம். 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் குறைவில்லை. ஆனால் அலிகாரிலிருந்து வந்து குவியும் இயந்திரப் பூட்டு விலை மலிவு. அதனோடு போட்டியிட முடியாமல் கைப்பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. இரண்டு பூட்டையும் படம் பிடித்து அருகருகே வைத்தால், பார்ப்பவர் கண்ணில் படுவது விலை ஒன்றுதான். நம் பூட்டின் மேன்மை அதன் வயிற்றுக்குள் அல்லவா இருக்கிறது! லீவர்கள் எப்படி எழும்பி இறங்குகின்றன, தொழிலாளி அரத்தால் எப்படிச் சாவியை இழைக்கிறார் என்பதைப் பத்து நிமிஷம் நிதானமாகக் காட்டினால், கூடுதல் விலைக்கு நியாயம் விளங்கும். அதற்குத் தகுந்த இடம் யூடியூப். பூட்டைப் பற்றித் தேடி வருகிறவருக்கு, என்றோ போட்டு வைத்த படமும் அங்கே அகப்படும். புதுக்கோட்டைச் சீமையில் சின்னவீரமங்கலம் என்னும் சிற்றூரார் 2018-ல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-ல் ஒரு கோடிச் சந்தாதாரரைப் பெற்றது. நகரத்து மினுக்கு இன்றி, கைவேலையைக் கண்ணெதிரே செய்து காட்டியதுதான் அவர்கள் கண்ட வழி.

சின்னாளப்பட்டிச் சேலையின் கதை வேறு. அங்கே பேசுவது நிறம். ஒரு பார்வையில் மனம் பறிபோக வேண்டும். அதற்கு இன்ஸ்டாகிராம் பொருத்தம். ஆனால் அங்கே இன்று போட்ட படம் நாளைக்குப் பழங்கதை. விடாமல் போட்டுவரப் பொறுமை வேண்டும். ஏற்கனவே வாங்கிப் பழகிய வாடிக்கைக்காரருக்கோ, 2018-ல் வெளிவந்த வாட்ஸ்அப் பிஸினஸ் செயலியே போதும். சேலைப் படங்களை விலையோடு அதில் அடுக்கி வைக்கலாம்.

பிரியாணிக் கடைக்காரருக்கு இவை இரண்டும் அப்புறந்தான். பழனிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர் பசி வந்ததும் கூகிள் வரைபடத்தைத்தான் கேட்கிறார். கடை இருக்கும் இடம், திறக்கும் நேரம், தொலைபேசி எண் மூன்றும் அதில் பிழையின்றி இருக்கவேண்டும். குறை எழுதியவருக்குக் கோபிக்காமல் பதில் எழுதவேண்டும். இது சமூக ஊடகமா என்று பண்டிதர்கள் வாதிக்கலாம். பசித்தவருக்கு அந்தச் சந்தேகம் எழுவதில்லை.

இனி ஓர் எச்சரிக்கை. இந்தச் சந்தைகளெல்லாம் பிறர் நிலத்தில் போட்ட பந்தல். 2020 ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. தடைக்குக் காரணம் நாட்டின் பாதுகாப்பு. ஆனால் அதை மட்டும் நம்பியிருந்த சிறு வியாபாரிகள் தங்களைப் பின்தொடர்ந்த கூட்டத்தை ஒரேயடியாக இழந்தார்கள். முகநூல் நிறுவனம் 2012-ல் இன்ஸ்டாகிராமையும் 2014-ல் வாட்ஸ்அப்பையும் வாங்கிவிட்டது. ஆகவே மூன்றிலும் கடை வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவருக்கும் நிலச்சொந்தக்காரர் ஒருவரே! வாடிக்கைக்காரர் சம்மதத்தோடு அவர் பெயரையும் எண்ணையும் நம் சொந்த ஏட்டில் குறித்து வைப்பதே இதற்குப் பரிகாரம்.

முடிவாக நாம் சொல்வது இவ்வளவுதான். சரக்குக்கு ஏற்ற இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மூன்று மாதம் சிரத்தையாகக் கவனியுங்கள். வருகிற ஒவ்வொருவரையும், "எங்கே பார்த்து வந்தீர்கள்?" என்று கேட்டு எழுதி வையுங்கள். விருப்பக்குறி ஆயிரம் விழுந்ததால் கல்லாவில் காசு விழுந்ததாக அர்த்தமில்லை. ஏட்டில் கணக்கு ஏறினால் தொடருங்கள். ஏறாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். பட்டறைக்காரர் கையில் இருக்கும் பணம் சொற்பம்; பொழுது அதனினும் சொற்பம். இரண்டையும் நாலு திசையில் இறைத்துவிட்டால், நல்ல பூட்டும் விலைபோகாமல் அலமாரியிலேயே துருவேறிப் போகும்.